குழி தோண்டும் முன்

தெருநாய் ஒன்று செத்துக் கிடந்தால் நம் ஊர்ப் பக்கம் முதலில் வந்து சேர்வது மண்வெட்டி. நாற்றமடிக்கும், பிள்ளைகள் பயப்படும், காக்கை கொத்தி இழுக்கும் என்று அரை மணி நேரத்தில் ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ குழி வெட்டி மூடிவிடுகிறோம். நல்ல மனசோடு செய்கிற காரியம்தான். ஆனால் விஷம் வைத்தோ அடித்தோ கொன்றவனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. உடல் போனால் உடற்கூறாய்வு போச்சு. உடற்கூறாய்வு இல்லையென்றால் அந்த நாய் எதனால் செத்தது என்று நீதிமன்றத்தில் சொல்ல ஆளில்லை. நாய்க்காகப் புகார் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் விவசாய பூமி. மாந்தோப்பு, தக்காளிக் காடு, ஓசூர் பக்கம் ரோஜாக் குடில் என்று எங்கே போனாலும் மோட்டார் ரூமில் பூச்சிமருந்து டப்பா இருக்கும். விஷம் வைக்க நினைப்பவன் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. கறிக்கடையில் சும்மா கிடைக்கும் கோழிக்குடலில் குருணை மருந்தைப் பிசைந்து வேலியோரம் போட்டுவிட்டால் முடிந்தது. அதைத் தின்ற நாய்க்கு எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் இழுக்கும், பிறகு நுரை தள்ளும். கண்ணின் பாவை கடுகு அளவுக்குச் சுருங்கும். தொடைச் சதை தோலுக்கடியில் விடாமல் துடிக்கும். மூத்திரமும் மலமும் தன்னால் போகும். இந்த நாலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பூச்சிமருந்து. கை கால் நாலும் கட்டை போல விறைத்து, தட்டுகிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டால் எட்டிக்காய் விஷமாக இருக்கலாம். எலி மருந்தில் ஒரு வகை உடனே காட்டாது. மூன்று, நாலு நாள் கழித்து ஈறிலும் மூத்திரத்திலும் ரத்தம் வரும். அந்த வகையில் சந்தேகம் இருந்தால் முந்தின நாளை மட்டும் விசாரித்தால் போதாது, ஒரு வாரம் பின்னால் போய்க் கேட்க வேண்டும்.

உயிர் இருக்கும்போது உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வலிப்பில் இருக்கும் நாய்க்கு விழுங்கத் தெரியாது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய் விஷத்துக்கு முன்னால் அதுவே கொன்றுவிடும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வண்டி இல்லையென்றால் 1962-க்கு அழைத்துப் பாருங்கள். பூச்சிமருந்து என்றால் மருத்துவர் அட்ரோபின் ஊசி போடுவார். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மருந்து டப்பாவோ கிழிந்த லேபிளோ கண்ணில் பட்டால் அதைப் படம் எடுத்துக் காட்டுங்கள், ஊசி முடிவு செய்ய உதவும். தூக்குவதற்கு முன் பத்து விநாடி வீடியோ மட்டும் எடுத்துவிடுங்கள். செத்த பிறகு கண்பாவை மாறிவிடும், உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பத்து விநாடிதான் சாட்சி.

செத்துவிட்டால், கிடக்கும் இடத்திலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒரு படத்தில் மின்கம்பமோ வீட்டு எண்ணோ தெரியட்டும். கையுறை போட்டுக்கொண்டு மீதமிருக்கும் குடலையும் வாந்தியையும் தனித்தனிக் கவரில் எடுத்து, ஒவ்வொன்றையும் இன்னொரு கவருக்குள் வையுங்கள். காவலர் வந்து எடுத்தால் இன்னும் நல்லது. அவர் வருவதற்குள் வேறு நாயோ காக்கையோ தின்றுவிடும் என்றால் காத்திருக்க வேண்டாம், எடுப்பதையே வீடியோ எடுங்கள். உடலைத் தார்ப்பாயில் சுற்றி மீன்கடையில் வாங்கிய ஐஸ்கட்டியை மேலும் கீழும் அடுக்கி நிழலில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விடக்கூடாது. உறைந்தால் உள்ளுறுப்புத் திசு கெட்டுவிடும். சித்திரை வெயிலில் மறுநாள் மதியத்துக்குள் வயிறு ஊதி, மருத்துவரால் பாதிக்கு மேல் சொல்ல முடியாமல் போகும். ஆகவே அன்றைக்கே உடற்கூறாய்வு நடக்கப் பாருங்கள்.

அதைச் செய்பவர் அரசு கால்நடை உதவி மருத்துவர். காவல் நிலையத்திலிருந்து அவருக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் போனால்தான் அறிக்கைக்கு வழக்கில் பலம். ஓசூர்க்காரர்கள் அவசரத்தில் பெங்களூருக்குக் கொண்டு போய்விடுகிறார்கள். சிகிச்சைக்குப் போகலாம், எலும்பு முறிவு மாதிரி பெரிய அறுவைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். செத்த உடலை மட்டும் மாநில எல்லை தாண்டிக் கொண்டு போகாதீர்கள். வழக்கு நடக்கும் காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஆய்வு முடியட்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. விஷப் பரிசோதனைக்கு அனுப்பும் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலின் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, விஷத்தைத் தேடுவதற்கு ஆகாது. விஷப் பரிசோதனைக்கு, உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த உப்புநீர்தான் வேண்டும். வாயகன்ற பாட்டிலில், உறுப்புக்கு ஒரு பாட்டில், முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விட்டு மூடி, சீல் வைத்து, தேதி எழுதி, காவலர் கையாலேயே தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பயன்படுத்திய அதே உப்புநீரில் கொஞ்சம் தனிப் பாட்டிலிலும் போக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் உப்பில் இருந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்கும். மருத்துவரிடம் மரியாதையாக, ‘சார், கெமிக்கல் அனாலிசிஸுக்கு உப்புத் தண்ணியிலதானே சார் எடுக்கறீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அடுத்தது புகார். நம் வழக்குகள் பாதிக்குப் பாதி இங்கேதான் சாகின்றன. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை மட்டும் எழுதினால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பு மாறவே இல்லை. ஒரு உயிரை அடித்தே கொன்றவன் ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகிற காசைக் கட்டிவிட்டு வெளியே வருவதைப் பார்க்க வயிறு எரியும். அதோடு அந்தப் பிரிவின் பெரும்பாலான உட்பிரிவுகளில் காவல்துறை தானாக வழக்குப் பதிந்து கைது செய்ய முடியாது. புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எனவே புகாரில், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு கட்டாயம் வரவேண்டும். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் இதில் அடங்கும். 5 ஆண்டு வரை சிறை, நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றம். பழைய சட்டத்தில் 428, 429 என்று இருந்த இரண்டும் 2024 ஜூலை 1 முதல் இந்த ஒன்றாகிவிட்டன. விலங்கின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்ற கணக்கும் போய்விட்டது. இதோடு மிருகவதைச் சட்டத்தின் 11(1)(எல்) உட்பிரிவையும் சேருங்கள். தெருநாய் என்ற சொல்லே அந்த உட்பிரிவில் இருக்கிறது, அதுவும் எஃப்ஐஆர் போடக்கூடியதுதான்.

325-இல் ஒரு கண்ணி இருக்கிறது. அது யாரோ ஒருவருக்கு, அல்லது பொதுமக்களுக்கு, இழப்பு உண்டாக்கிய குற்றம் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. ‘தெருநாய்க்கு யார் சொந்தக்காரர், யாருக்கு என்ன இழப்பு?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். அதற்குப் புகாரிலேயே பதில் இருக்க வேண்டும்: எத்தனை ஆண்டாக அந்தத் தெருவில் இருக்கிறது, யார் சோறு வைக்கிறார்கள், தடுப்பூசி எப்போது போட்டது, கருத்தடை செய்து காதில் வெட்டு அடையாளம் இருக்கிறதா. தடுப்பூசி அட்டையின் நகல் இருந்தால் அதுவே பெரிய ஆதாரம்.

புகார் ஒரு பக்கம் போதும். ‘ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். இன்று காலை 6.20 மணிக்கு எங்கள் தெருவில் பொதுமக்களால் பராமரிக்கப்பட்டு வந்த செம்பழுப்பு நிறப் பெண் நாய் வாயில் நுரை தள்ளி இறந்து கிடந்தது. அருகில் குருணை கலந்த கோழிக்குடல் இருந்தது’ என்று பார்த்ததை மட்டும் நேராக எழுதுங்கள். யார் மீது சந்தேகம், ஏன் சந்தேகம் என்பதைத் தனிப் பத்தியாக வையுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக ஒரு வரி எழுதினாலும் குறுக்கு விசாரணையில் மொத்தமும் சரிந்துவிடும். கருணை பற்றி நாலு பக்கம் எழுதத் தோன்றும், எனக்கும் புரிகிறது. ஆனால் காவல் நிலைய எழுத்தருக்கு வேண்டியது நேரம், இடம், அடையாளம்.

‘நாய்க்கெல்லாம் எஃப்ஐஆரா, போங்கம்மா’ என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். ‘சார், 325 எஃப்ஐஆர் போடற பிரிவுதான் சார். முதல்ல விசாரிக்கணும்னா டிஎஸ்பி பர்மிஷன்ல 14 நாள்ல முடிக்கணும்னு இருக்கு, அதை எழுத்துல குடுங்க சார்’ என்று கேளுங்கள். மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உறுதிமொழிப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், வருமானம் குறைந்தவர்கள் என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: மிருகவதைச் சட்டப்படி சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றம் ஏறியாக வேண்டும். சிஎஸ்ஆர் ரசீதை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு காத்திருக்கும்போதே அந்த மூன்று மாதம் ஓடிவிடுகிறது.

வீடியோ இருக்கிறதா, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனில் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போன பிரதி சுருங்கி, எடுத்த நேர விவரம் இல்லாமல் வரும். எடுத்த போனிலேயே அசல் இருக்கட்டும். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அந்தப் பதிவு எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். கடை கேமராப் பதிவு ஒரு வாரம், பத்து நாளில் தன்னால் அழிந்துவிடக்கூடும். அன்றைக்கே போய்க் கடைக்காரரிடம், ‘அண்ணா, அந்த நேரத்துப் பதிவை மட்டும் அழிக்காம வைங்க, ஸ்டேஷன்ல வந்து கேட்பாங்க’ என்று சொல்லி வையுங்கள். கொன்றவன் முகத்தை ஃபேஸ்புக்கில் போட்டு அவன் வீட்டு முன்னால் கூட்டம் சேர்ப்பது வேண்டாம். அவன் உஷாராகி ஆதாரத்தை அழிப்பான், சாட்சிகள் பின்வாங்குவார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனாக இருந்தால் பெயரையும் முகத்தையும் வெளியிட்ட குற்றம் உங்கள் மேலேயே வரும்.

சாட்சி கிடைப்பதுதான் கிராமத்தில் கடினம். ‘அவங்க எங்க பங்காளிங்க, ஊர்ப் பொல்லாப்பு எதுக்கு’ என்பார்கள். கட்டாயப்படுத்தி ஒருவரை நிறுத்துவதைவிட, உடற்கூறாய்வு, ஆய்வக அறிக்கை, கேமரா என்று பேசாத சாட்சிகளைச் சேர்ப்பது பலன் தரும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் சாட்சி சொன்னால், அவர் சொன்னது தமிழில் அப்படியே வந்திருக்கிறதா என்று படித்துக்காட்டச் சொல்லுங்கள். வீட்டு நாய் என்றால், வளர்த்தவர் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டால் வழக்கு நிற்காது. அதை முதல் நாளே அவரிடம் மனம் விட்டுப் பேசிவிடுங்கள்.

காட்டோரம் கதை வேறு. பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை பக்கம் நாய் தாடை சிதறிக் கிடந்தால் காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயாக, அதாவது தீனிக்குள் மறைத்து வைத்த நாட்டு வெடியாக இருக்கலாம். வெடிக்காத இன்னொன்று பக்கத்திலேயே கிடக்கலாம். எதையும் தொடாமல், மாடு கன்றைக் கிட்டே விடாமல் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். வெடிபொருள் சட்டம் சேர்ந்தால் வழக்கின் எடையே மாறும். வேலிக் கம்பியோரம் நாய் விறைத்துக் கிடந்து, மூக்கிலோ பாதத்திலோ கோடு போலக் கருகியிருந்தால் மின்வேலி. மின்வாரியம் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை உடலைத் தொடக்கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில்தான் மூன்று யானைகள் செத்தன. விஷக்குடல் தின்ற இடத்தில் மயிலும் செத்துக் கிடந்தால் அதை அப்புறப்படுத்தாமல் வனத்துறையைக் கூப்பிடுங்கள். மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 3 ஆண்டுக்குக் குறையாத சிறை.

நாய்க்காகப் பேசுகிறவர்கள் கடிபட்டவர்களின் பயத்தையும் கேட்க வேண்டும். விஷம் வைப்பவர்களில் பலர் பிள்ளை கடிபட்ட கோபத்தில் வைக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போய், காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினீர்களா, 0, 3, 7, 28 ஆகிய நாட்களுக்கான வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்றா என்று கேட்பதும் நம் வேலைதான். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு (ஏபிசி) விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட்டது, அங்கே பிடித்ததை அங்கேயே விடக்கூடாது. நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு எழுதும்போது இந்த வேறுபாட்டைச் சரியாக எழுதுங்கள்.

உடற்கூறாய்வு முடிந்த பிறகு புதைக்கலாம். விஷம் தின்ற உடல் என்பதால் கிணறு, ஓடைக்குத் தள்ளி, நாலைந்து அடி ஆழத்தில், சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் இரவில் வேறு நாய் தோண்டித் தின்று அதுவும் சாகும். மேலே கனமான கல் வையுங்கள். மறுபடி தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தாலும் வரலாம், ஆகவே அந்த இடத்தைப் படம் எடுத்து, பக்கத்து மரத்திலிருந்து எத்தனை அடி என்று புகார் நகலின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.