ஹூமன்: 23 நாள்

ஜூன் 3
1839-ல் இதே நாளில்தான், தென்சீனாவின் ஹூமன் கரையில், பிரிட்டிஷ் வணிகர்களிடம் பறித்த அபினை அழிக்க ஆரம்பித்தார்கள். ஏன் கொளுத்தவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். முன்பு கொளுத்திப் பார்த்ததுதான். எண்ணெய் விட்டு எரித்தால் அபின் உருகி மண்ணில் இறங்கும். அந்த மண்ணைத் தோண்டிக் காய்ச்சினால் பத்தில் இரண்டு மூன்று பங்கு திரும்பக் கிடைத்துவிடும். அழிக்க வந்த சீனப் பேரரசரின் ஆணையர் லின் ஸெஷுவுக்கு இது தெரிந்திருந்தது.

ஜூன் 4
கரையோரம் குளம் வெட்டி, அடியில் கல் பாவி, பக்கங்களில் பலகை அடித்தார்கள். ஒரு சொட்டுக்கூட மண்ணுக்குள் போகக்கூடாது. தண்ணீர் விட்டு உப்பு கொட்டி, உருண்டைகளை வெட்டிப் போட்டு அரை நாள் ஊறவிட வேண்டும். பிறகு கல்சுண்ணாம்பு. போட்டதும் அடுப்பில்லாமலே கொதிக்கும். மண்வெட்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி கரையாமல் அடியில் தங்கிவிடும். ஓதம் இறங்கும்போது மதகைத் திறந்து கடலுக்கு விட்டு, தரையைக் கழுவித் தள்ள வேண்டும். ஒரு குளம் வடியும்போது அடுத்தது ஊறும்.

ஜூன் 5
பறித்த அபின் 20,283 பெட்டி.

ஜூன் 8
பாட்னா பெட்டி மாமரப் பலகை. மேலடுக்கில் 20 உருண்டை, கீழடுக்கில் 20. ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. மேல் ஓடு, கசகசாப் பூவிதழ்களை அபின் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. கல்கத்தாவில் ஏலம் விட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சீனாவுக்கு ஏற்றிப்போனது தனியார் கப்பல். கம்பெனிக் கை கறைபடாது, காசு மட்டும் வரும். எழுதும்போதே ஆத்திரமாக வருகிறது.

ஜூன் 9
அழித்த அபினுக்குப் பின்னால் சீனாவிடம் வாங்கிய இழப்பீடு, பெட்டிக்கு 296 டாலர். தூக்கம் வரவில்லை.

ஜூன் 13
அபினை அழித்ததைத் தொடர்ந்து பிரிட்டன் சீனாமீது போர் தொடுத்தது. 1841 மே, கான்டன் அருகே சான்யுவான்லி. கொட்டும் மழையில் தனித்து மாட்டிக்கொண்டது பிரிட்டிஷ் படையில் இருந்த மதராஸ் 37-வது காலாட்படையின் ஒரு சிறு பிரிவு. கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கிண்ணியில் மருந்து நனைந்தால் வெடிக்காது. சுற்றி நின்ற விவசாயிகளிடம் ஈட்டியும் மண்வெட்டியும். தொப்பிவெடித் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் வந்துதான் மீட்டார்கள். நம் பக்கத்துச் சிப்பாய்களை யாருக்காக அங்கே நிறுத்தினார்கள்?

ஜூன் 17
இன்று முழுக்க வெள்ளிப் பணக் கணக்கு. சீனக் குடியானவன் நெல்லை விற்றால் வருவது செப்புக்காசு. வரியோ வெள்ளியில். நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு டேல் (சீன எடை அளவு) வெள்ளிக்குச் சுமார் 1,000 காசு. 1840-களில் அது 2,000-ஐ ஒட்டி வந்துவிட்டது. அரசு வரியை ஒரு டேல்கூட உயர்த்தாதபோதும், அவன் இரண்டு மூட்டை விற்ற இடத்தில் நான்கு மூட்டை விற்க வேண்டும். வெள்ளி வெளியேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அபின் கப்பல்கள் வெள்ளியோடு திரும்பியதை யாரும் மறுக்க முடியாது. வாழ்நாளில் அபினை முகர்ந்தே பார்க்காதவன் தலையிலும் இது விடிந்தது.

ஜூன் 20
போரை முடித்த நான்கிங் ஒப்பந்தம், 1842 ஆகஸ்ட் 29. தோற்ற சீனா கட்ட வேண்டியது மொத்தம் 2 கோடியே 10 லட்சம் டாலர்: போர்ச்செலவு 120 லட்சம், வணிகர் கடன் 30 லட்சம், அழித்த அபினுக்கு 60 லட்சம். அந்த 60 லட்சத்தை 20,283-ஆல் வகுத்தால் மறுபடி அதே 296. தவணை 1845 வரை. தவறினால் 5 சதவீத வட்டி. பணம் கட்டி முடியும்வரை ஜோஷான், குலாங்யூ தீவுகள் பிணை.

ஜூன் 23
லின்னைச் சீனாவின் மேற்கு எல்லையில் உள்ள இலிக்கு நாடுகடத்தினார்கள்.

ஜூன் 25
கடைசிக் குளமும் கழுவியாகிவிட்டது. 1858-ல் சீனாவின் சுங்கப் பட்டியலில் அபினுக்கும் ஒரு வரி இருக்கிறது: சுமார் 60 கிலோவுக்கு 30 டேல், சட்டப்படி.