ஹாரன் போன கார், விசிலோடு வந்த மாமா

கார் வாங்கி ஒன்பது மாதம். ஓடியது 8,200 கிலோமீட்டர். பின் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மாமியார் இன்னும் அனுமதி தரவில்லை. அந்த லட்சணத்தில், தருமபுரி நான்கு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தபோது ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை. இன்னும் ஓங்கி அழுத்தினேன். ஹாரனுக்குப் பதிலாக டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

சர்வீஸ் சென்டரில் விளக்கமாகவே சொன்னார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ‘க்ளாக் ஸ்பிரிங்’ என்று ஒன்று இருக்கிறதாம். சுருட்டிவைத்த நாடா மாதிரி ஒயர். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுவும் கூடவே சுருண்டு விரிந்து, ஹாரனுக்கும் ஏர்பேகுக்கும் கரண்ட் கொண்டுபோகும். அது உள்ளே அறுந்துவிட்டது.

“வாரண்டிதான் சார், காசு இல்ல. பார்ட் வர பத்து நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் ஓட்டலாமா?”

“மெதுவா ஓட்டுங்க சார். எங்கயாவது இடிச்சா ஏர்பேக் விரியாது.”

“இடிக்காம இருக்கத்தானேங்க ஹாரன் கேக்குறேன்?”

இதை எழுத ஜாப் கார்டில் கட்டம் இல்லை.

ஹாரன் இல்லாமல் நம் ஊரில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், அதை எதற்கெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தோம் என்று. வீட்டு கேட்டைத் திறக்கச் சொல்ல இரண்டு தடவை. எதிரே வரும் தெரிந்தவருக்கு வணக்கமாக ஒரு தடவை. சிக்னல் விழுந்ததும் முன்னால் நிற்பவருக்கு, அவரே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றாலும். மூன்று நாளாக ஹெட்லைட்டைச் சிமிட்டிச் சிமிட்டியே பிழைப்பு நடத்தினேன். நடுரோட்டில் படுத்திருந்த மாட்டுக்குச் சிமிட்டியதில் அது என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான்.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒகேனக்கல் போவதென்று போன மாதமே முடிவான விஷயம், தள்ளிப்போட முடியாது. பாலக்கோட்டிலிருந்து மாமா வந்து இறங்கினார். அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாரன் கதையைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார்.

“நீங்க ரோட்டப் பாருங்க மாப்பிள்ள, மத்தத நான் பாத்துக்கறேன்.”

இடது முன் சீட்டில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்தது போல முழங்கையைக் கண்ணாடி விளிம்பில் ஊன்றிக்கொண்டார். பென்னாகரம் ரோட்டில் முன்னால் போன டிவிஎஸ்50-க்கு ‘பீப்’ என்று ஒன்று கொடுத்தார். போலீஸ் என்று நினைத்து வண்டிக்காரர் நின்றுவிட்டார். நானும் சட்டென்று பிரேக் அடித்து நின்றுவிட்டேன்.

“நீங்க ஏன் நின்னீங்க?”

“ஒரு விசில்னா நிறுத்தணும்ல, மாமா?”

அதற்கப்புறம் எல்லாமே இரட்டை விசில்தான். பென்னாகரத்தில் கூடையோடு நின்ற ஒரு பாட்டி கை காட்டி ஏறப் பார்த்தார். ‘சீட்டு இல்லம்மா’ என்று மாமா வாய் தவறிச் சொல்லிவிட்டார். பின் சீட்டில் என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, வெட்கப்பட்டாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆவது விதி ஹாரனைப் பற்றியதுதான். வண்டியில் காதைக் கிழிக்கும் கருவி எதையும் பொருத்தக் கூடாது என்கிறது. மாமா வண்டியில் பொருத்தப்பட்டவர் இல்லை, வந்து உட்கார்ந்தவர் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் யானை படம் போட்ட பலகையைப் பார்த்ததும் விசில் நின்றது. “இது வேணாம் மாப்பிள்ள, அதுக்கு என்ன அர்த்தம் ஆகுமோ.”

ஒகேனக்கல்லில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றினால், வரவில்லை. சுவிட்சை அழுத்த அழுத்த உள்ளே ‘கடகட’ என்கிறது, கண்ணாடி நகரவில்லை. அங்கே குரங்குகளுக்குப் பஞ்சமா! நான்கு பேர் ஏற்கனவே பக்கத்துக் கார் கூரையில் உட்கார்ந்து எங்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். “நீங்க போய் பரிசல் ஏறுங்க, நான் இருக்கேன்” என்றார் மாமா.

திரும்பி வந்தபோது முறுக்குப் பொட்டலம் காலி. முதல் விசிலுக்கு ஓடினவாம். இரண்டாவதுக்குத் திரும்பிப் பார்த்தனவாம். மூன்றாவதுக்கு ஒன்று வந்து சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டதாம். வறுத்த மீன் பொட்டலத்தை நீட்டி மாமாவைச் சமாதானம் செய்தோம். திரும்பும் வழி முழுக்க, திறந்த ஜன்னல் வழியாகக் காற்றும் புழுதியும் உள்ளேதான்.

பத்து நாள் என்றது பதினான்காவது நாள் வந்தது. அதோடு ஜன்னலையும் பிரித்துப் பார்த்தார்கள். “கண்ணாடிய ஏத்தி இறக்குற ரெகுலேட்டர் கேபிள் நழுவியிருக்கு சார். கண்ணாடி மேல வெயிட் ஏதாவது வெச்சீங்களா?”

கூட வந்திருந்த மாமா சுவரில் இருந்த காலண்டரை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். நானும் தேதி பார்த்தேன். எப்படியோ அதையும் வாரண்டியிலேயே மாட்டிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் ஆசையாக ஹாரனை அழுத்தினேன். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இவ்வளவுதானா மாப்பிள்ள?” என்றபடி விசிலை எடுத்து டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினார்.