லா பாஸ்ல ஒரு சல்தேன்யாவும் ஒரு வரிக்குதிரையும்

பொலிவியாவோட லா பாஸ் ஊரு சுமார் 3,600 மீட்டர் உயரத்துல இருக்கு, நாலு படி ஏறுனாலே நாக்கு தள்ளும். கூட வந்த மச்சான் "நான் டெய்லி ஜிம் போறவன்டா"ன்னு உயரத்துல வர்ற தலைசுத்தலுக்குன்னு ஹோட்டல்ல குடுத்த கோகா இலை டீய தொடக்கூட இல்ல. சகார்னகா தெரு ஏத்தத்துல பாதியிலயே ஒரு கடை வாசல்ல சுவத்த புடிச்சுட்டு நின்னுட்டான். நிமிர்ந்து பாத்தா தலைக்கு மேல லாமாங்குற ஒட்டக இன மிருகத்தோட காஞ்சுபோன கரு வரிசையா தொங்குது! புதுசா வீடு கட்டுறவங்க பூமித்தாய் பச்சமாமாவுக்குன்னு அஸ்திவாரத்துல புதைக்கிற சாமானாம். அத பாத்ததும் பயலுக்கு தெம்பு தானா வந்துருச்சு, விறுவிறுன்னு நடந்தான்.

அடுத்து சல்தேன்யா. பாக்க நம்மூரு சோமாசி மாதிரி ஆனா கைக்கு அடங்காத சைஸு, உள்ள கறி, உருளை, பட்டாணி, முட்டை, அதுக்கும் மேல சூடா குழம்பு. குழம்புல ஜெலட்டின் போட்டு கட்டியாக்கி உள்ள வச்சு மூடிடுவாங்க, அடுப்புல வேகும்போது மறுபடி உருகிடும். செங்குத்தா புடிச்சு, மேல் முனைய லேசா கடிச்சு, முதல்ல குழம்ப உறிஞ்சணும். பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் டை கட்டிட்டு ஒரு சொட்டு சிந்தாம சாப்டுட்டு இருந்தாரு, நானும் அவர பாத்து பாத்து அதே மாதிரி சாப்டேன். நம்மாளு நடுவுல ஒரே கடி. குழம்பு முழங்கை வழியா இறங்கி புது ஷூல போய் நின்னுச்சு, பெரியவர் ஒண்ணுமே சொல்லல, டிஷ்யூ டப்பாவ மட்டும் இவன் பக்கம் தள்ளி வச்சாரு.

வெளிய வந்தா கண்ணு மட்டும் தெரியிற மாதிரி முகமூடி போட்ட ஒருத்தர் நேரா இவன நோக்கி வர்றாரு. மச்சான் ரெண்டு கையாலயும் பர்ஸ பொத்திக்கிட்டான். அவரு அமைதியா ஷூவ காட்டுறாரு! பாலிஷ் போடுறவர்ங்க. தொழில மட்டமா பாக்குறாங்கன்னு, தெரிஞ்சவங்க யாரும் அடையாளம் கண்டுடக் கூடாதுன்னு இங்க நிறைய பேரு முகத்த மூடிட்டுதான் வேலை பாக்குறாங்க. அது கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டு வந்தோம்.

ஷூ பளபளன்னு ஆனதும் "இன்னொன்னு வாங்குடா, இந்த தடவ சிந்தாம சாப்டுறேன்"ன்னு ரெட் சிக்னல்ல ரோட்ட தாண்டப் போனான். திடீர்னு ஒரு வரிக்குதிரை வந்து கைய புடிச்சு பின்னாடி இழுத்துச்சு! 2001லருந்தே டிராபிக் ரூல் சொல்லித்தர இளைஞர்கள் வரிக்குதிரை வேஷத்துல ரோட்ல நிக்கிறாங்க. சிக்னல் மாறுனதும் ஸ்கூல் புள்ளைய கூட்டிட்டு போற மாதிரி இவன கூட்டிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டு, ஒரு ஹக் வேற. நான் வீடியோ எடுத்து பேமிலி குரூப்ல போட்டுட்டேன்.

கடைக்கு போனா தட்டு காலி. சல்தேன்யா காலை பலகாரமாம், மத்தியானத்துக்குள்ள தீந்துரும், நாளைக்கு வாங்கன்னு அந்தம்மா சிரிச்சாங்க. பெரியவர் மட்டும் இன்னும் அங்கயே நின்னு கடைசி சல்தேன்யாவ முடிச்சுட்டு இருந்தாரு.