லேடி கார்டு ஆக இருபது நாள்

நான் தைத்துக்கொண்டிருந்த கார்மெண்ட்ஸில் ஆள் குறைத்தபோது, பெங்களூரு மர்ஃபி டவுனில் எங்கள் எதிர்வீட்டு அக்காதான் சொன்னாள்: "மால்ல லேடி கார்டுக்கு, அதான் பொம்பளை செக்யூரிட்டிக்கு, ஆள் எடுக்கறாங்க. சும்மா நிக்கற வேலைதான், போயேன்."

முதலில் போன ஏஜென்சியில் மூவாயிரம் கட்டினால் மறுநாளே பயிற்சி சர்டிபிகேட் தருவதாகச் சொன்னார்கள். பயிற்சி எப்போது என்று கேட்டதற்கு அந்த ஆள் சிரித்தார். நான் ஒன்றும் பெரிய நியாயஸ்தி இல்லை. மூவாயிரம் இருந்திருந்தால் கட்டியிருப்பேன். இரண்டாவது ஏஜென்சியில் பயிற்சிக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்று சேர்ந்தேன்.

2005-ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டத்தின் விதிகள்படி, கார்டு வேலைக்கு வகுப்பில் 100 மணி நேரம், வெளியில் 60 மணி நேரம் பயிற்சி வேண்டும். குறைந்தது இருபது வேலை நாள். பட்டாளத்திலோ போலீஸிலோ இருந்து வந்தவர்களுக்கு ஏழு நாள் போதும். பெண்களுக்கு உயரம் 150 சென்டிமீட்டர். நான் 152. கலர் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். அதில் எல்லாம் பிரச்சினை இல்லை. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும் என்றதும்தான் வயிற்றைக் கலக்கியது. பதினாலு வருடம் மெஷின் முன்னால் உட்கார்ந்த உடம்பு. முதல் நாள் எட்டரை நிமிடம் ஆனது. தினமும் விடியற்காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் போய் ஓடினேன், பாதி நடை. பதினோராவது நாள் ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி.

சொல்லிக்கொடுத்தவர் எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பட்டாளத்து இன்ஜினியர் படையில், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். பட்டாள வழக்கப்படி உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தப் படைக்காரர்களுக்குத் 'தம்பி' என்றே ஒரு பெயர் உண்டாம். அந்தப் பழக்கத்தில் எங்களையும் தம்பி என்றுதான் கூப்பிட்டார், பெண்கள் ஆறு பேரையும் சேர்த்து. அஸ்ஸாம், ஒடிசாப் பையன்களுக்கு இந்தி, உள்ளூர்க்காரர்களுக்குக் கன்னடம், எனக்கு மட்டும் தமிழில் திட்டு.

நான் அடி, உதை சொல்லித்தருவார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் வாரம் முழுக்க நிற்கத்தான் கற்றுக்கொண்டோம். எதிரில் இருப்பவனுக்கு நேராக நிற்கக் கூடாது, கொஞ்சம் சாய்வாக நிற்க வேண்டும். இரண்டு கை நீளம் இடைவெளி. இரண்டு உள்ளங்கையும் திறந்து நெஞ்சு உயரத்தில், 'கொஞ்சம் பொறுங்க சார்' என்று சொல்வதுபோல. பார்க்கிறவருக்கு அது சமாதானம். அவன் கை ஓங்கினால் அதே கைதான் முகத்துக்கு மறைப்பு. "கையைக் கட்டிக்கிட்டு நின்னா திமிரு. விரலை நீட்டினா சண்டை. பாக்கெட்ல விட்டா நீ செத்த" என்பார் உஸ்தாத்.

மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது அடுத்தது. பலத்தைப் போட்டு இழுத்தால் வராது. பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பூட்டின் வாய். அந்தப் பக்கம் திருப்பி இழுத்தால் வந்துவிடும். வீட்டில் என் பத்து வயது மகளிடம் செய்துகாட்டினேன். அவளுக்கு இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது. எனக்கு நாலு நாள் ஆனது.

கத்தி வகுப்பு மறக்காது. வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஒருவன் கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா, அதுதான் கத்தி. மற்றவன் தடுக்க வேண்டும். அரை நிமிடத்தில் எங்களில் நன்றாகச் செய்தவன் பனியனிலேயே ஏழு கோடு, கழுத்தில் ஒன்று. "புரிஞ்சுதா? கத்தியைப் பார்த்தா கதவைச் சாத்து, கத்து, ஓடு" என்றதோடு வகுப்பு முடிந்தது.

ஆளைக் கீழே அமர்த்தும் பயிற்சியில்தான் எனக்குப் பயம் வந்தது. குப்புறப் படுக்கவைத்து, என் ஜோடியான ஒடியாப் பெண்ணை என் முதுகில் லேசாக முட்டி போடச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் மூச்சு இறங்கவில்லை. கையைக் காலை உதறினேன். "பார்த்தீங்களா, மூச்சுக்குத்தான் உதறுது. நம்மளோ திமிர்றான்னு நினைச்சு இன்னும் அழுத்துவோம்." 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முட்டியை வைத்துக் கொன்றதை அப்போது சொன்னார். கழுத்து, முதுகு இரண்டிலும் எடையைப் போடக் கூடாது; அடங்கியதும் உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிறகு உட்காரவைக்க வேண்டும். அன்று சாயங்காலம்கூட எனக்கு நெஞ்சு அடைத்த மாதிரியே இருந்தது.

சட்ட வகுப்பு தூக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. காக்கி மாதிரி எதைப் போட்டாலும் போலீஸுக்கு உள்ள அதிகாரம் கார்டுக்குக் கிடையாது; தெருவில் போகிறவருக்கு உள்ளதுதான் நமக்கும். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை. அதிலும் தேவைக்கு மேல் ஓர் அடி போட்டால் உரிமை போச்சு. கைது, விசாரணை முறைகளைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, நம் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் நாமே பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.

அப்போ திருடனைப் பிடித்து ரூமில் உட்காரவைக்கலாமே என்று நான்தான் கேட்டேன். உஸ்தாத் இதற்காகவே காத்திருந்ததுபோலச் சிரித்தார். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு இப்போது அந்த வகையில் வராது, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 800 ரூபாய் சட்டைக்காக ஒரு பையனை ரூமில் பூட்டிவைத்தால் சட்டத்துக்கு விரோதமாக அடைத்துவைத்ததாக நம் மேல்தான் கேஸ் வரும், ஒரு வருடம் வரை தண்டனை. இதை எத்தனை மால் மேனேஜருக்குச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. கடைக்காரர்கள் எல்லாம் "பிடி, பிடி" என்றுதான் கத்துவார்கள்.

தீயணைப்பு, முதலுதவி, பை சோதனை எல்லாம் மீதி நாட்களில் ஓடிப்போயின. போலீஸ் வெரிஃபிகேஷன் முடிய வேலைக்குச் சேர்ந்தேன்.

இரண்டாவது மாதம் பார்க்கிங் வாசலில் ஒரு ஆள். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு, அஸ்ஸாம் பையனைக் கண்டபடி பேசினார். அம்மாவை இழுத்ததும் பையன் கை அவர் காலரை நோக்கிப் போனது. "தம்பி!" என்றேன். உஸ்தாத் குரல் எப்படி என் வாயில் வந்ததோ! பையன் அப்படியே கையைத் திறந்து நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தான். நான் பக்கவாட்டில் போய் நின்று, வண்டி நம்பரைச் சொல்லுங்க சார், கேமராவில் பார்த்துடலாம் என்று அதையே நாலு தடவை சொன்னேன். திட்டிக்கொண்டே நம்பரைச் சொன்னார். காரை எடுக்கும்போது எங்கள் பக்கம் துப்பிவிட்டுத்தான் போனார்.

நடந்ததை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நேரம், இடம், யார் என்ன சொன்னார், யார் யாரைத் தொட்டார் என்று. அதற்கு மட்டும் இன்னும் சூப்பர்வைசரைத்தான் கூப்பிடுகிறேன். கன்னடம் சரளமாகப் பேசுவேன், எழுத வராது.