பாறை மீனைத் தேடி: கிருஷ்ணகிரியிலிருந்து அந்தமானுக்கு ஒரு தூண்டில் பயணம்

வலது உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து, "மீன் பிடிக்க அந்தமான் வரைக்கும் போகணுமா, நம்ம டேம்ல இல்லாத மீனா?" என்று கேட்காதவர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. வண்டி, தங்குமிடம், படகு, செலவு என்று வரிசையாகவே சொல்ல விரும்புகிறேன். ஆனால் அந்தப் பாறை மீன் இரையை அடித்த நிமிடம் நினைவுக்கு வந்துவிட்டால் வரிசை எவ்வளவு தூரம் நிற்கும் என்பது எனக்கே தெரியவில்லை.

நாங்கள் ஐந்து பேர். காவேரிப்பட்டணத்தில் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்பவர், ஓசூர்த் தொழிற்சாலைக்காரர், பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்பவர், பென்னாகரத்துப் பள்ளி ஆசிரியர், நான். பள்ளிப் பருவத்திலிருந்தே அணைக்கரையிலும் ஏரிக்கரையிலும் தூண்டிலோடு உட்கார்ந்து ஜிலேபியும் ரோகுவும் விராலும் பிடித்து வளர்ந்தவர்கள். எங்கள் எல்லோருக்கும் நெடுநாளாக இருந்த ஆசை காவிரியின் மஹ்சீர் கெண்டைதான். 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் தூண்டிலில் பிடிபட்டிருக்கிறது, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. ஆனால் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தத் திமில் மஹ்சீர், 2018இல் மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இருக்கும் கொஞ்சம் மீனையும் முள்ளில் மாட்டி இழுப்பது நியாயமே இல்லை என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை. பெரிய மீனோடு மல்லுக்கட்ட வேண்டுமானால் கடலுக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொருவரும் மாதச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தோம்.

பயணத்தின் மிக மோசமான பகுதி கடலில் இல்லை, நான்கு வழிச்சாலையில்தான் இருந்தது. விமானம் பெங்களூரிலிருந்து அதிகாலையில் என்பதால் கிருஷ்ணகிரியிலிருந்து இரவு வாடகை வேன் பேசியிருந்தோம். சுங்கம், கர்நாடக பெர்மிட் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் என்று பேச்சு. சூளகிரி தாண்டுவதற்குள் ஏசி நின்றது. அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநர், பெர்மிட்டுக்குத் தனியாக 1,500 கொடுத்தால்தான் மேலே போக முடியும் என்றார். முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. நள்ளிரவில், விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களை நடுவழியில் நிறுத்திப் பணம் கேட்பது பச்சை மிரட்டல். வேறு வழியில்லாமல் கொடுத்தோம். எங்களைப் போலக் கிளம்புகிறவர்கள் பேசிய தொகையை, எவையெல்லாம் அதில் அடக்கம் என்பதோடு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.

விமான நிலையத்தில் அடுத்த செலவு. எங்கள் தூண்டில் கழிகள் எட்டடி நீளம். அவை சரிபாதியாகக் கழலாது; கைப்பிடியைத் தனியே கழற்றினாலும் மீதித் துண்டு ஆறடிக்குக் குறையாது. நான்கு அங்குல பிவிசி குழாய் வாங்கி, இரு பக்கமும் மூடி போட்டு, உள்ளே பழைய போர்வையைச் சுற்றி வைத்திருந்தோம். கழிகள் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தன என்பதால் இந்த யோசனையை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் நீளமான சாமான் என்று அதற்குத் தனிக்கட்டணம் வசூலித்துவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரம் வந்துவிடுகிறது. 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கப்பட்ட ஊர்தான். அங்கே ஆட்டோவில் மறுபடியும் அதே கதை. அபர்தீன் பஜார் நாலைந்து கிலோமீட்டர் தூரம், எங்கள் குழாயைப் பார்த்ததும் 800 ரூபாய் கேட்டார் ஒருவர். குழாயைத் தோளில் சுமந்துகொண்டு சாலைக்கு நடந்து வந்து நின்றதும் இரண்டு ஆட்டோக்கள், ஆட்டோ ஒன்றுக்கு 200 என்று, ஏற்றிக்கொண்டன.

படகைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தில் பணத்தைக் கொட்ட வேண்டிய ஒரே இடம் படகுதான் என்பது என் உறுதியான கருத்து. விடுதியில் மிச்சம் பிடிக்கலாம், சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம், மலிவான படகில் ஏறினால் வந்த காரியமே கெட்டுவிடும். எங்களுக்கு ஒரு நாளைக்கு 32,000 ரூபாய் ஆனது, ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 6,400. இரண்டு எஞ்சின், உயிர்காப்பு அங்கி, ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, உரிமம் எல்லாம் இருந்தன. படகோட்டியின் தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்து குடியேறியவர், ஆகவே பேச்சுக்குக் குறைவே இல்லை. முதல் நாளே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வண்டூர் பக்கம் 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தூண்டிலை எடுக்கவே கூடாது, வெளியார் நெருங்கத் தடையுள்ள பழங்குடித் தீவான வடக்கு சென்டினலின் பக்கம் யார் எவ்வளவு பணம் கொடுத்தாலும் படகு போகாது. இப்படிச் சட்டத்தை முதலில் பேசுகிற படகோட்டியை நம்பி ஏறலாம்.

காலை நான்கு மணிக்கே கிளம்பச் சொன்னபோது தக்காளி வியாபாரியைத் தவிர மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு நேரம் கிழக்கு 82.5 பாகைக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தமானோ ஏறத்தாழ பத்துப் பாகை தள்ளிக் கிழக்கே இருப்பதால், அங்கே சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. மார்ச் மாதத்தில் ஐந்தரைக்குள் நன்றாக விடிந்துவிடுகிறது, மாலை ஆறுக்குள் இருட்டிவிடுகிறது. தெற்கு அந்தமானின் தென்முனையிலுள்ள சிடியா டாப்புவிலிருந்து புறப்பட்டு ரட்லண்ட் தீவை வலப்பக்கம் விட்டுத் தெற்கே போனோம். அலை பெரிதாக இல்லாதபோதே ஆசிரியருக்குக் குமட்டல் தொடங்கிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டிருக்க வேண்டும், தலை சுற்றிய பிறகு போடுவதால் பயனில்லை என்றார் படகோட்டி. எஞ்சின் புகை படாத பக்கமாக உட்கார்ந்து தூரத்துத் தீவையே பார்த்துக்கொண்டு வந்ததில் ஆசிரியர் ஒருவாறு தேறினார்.

எங்கள் குறி பாறை மீன். சந்தையில் கிடைக்கும் கையளவுப் பாறை இல்லை, ஆங்கிலத்தில் ஜெயன்ட் ட்ரெவாலி, சுருக்கமாக ஜிடி என்று தூண்டில்காரர்கள் கொண்டாடும் பெரும்பாறை. 2006இல் ஜப்பானின் தொகாரா தீவுப் பகுதியில் பிடிபட்ட 72.8 கிலோ மீன்தான் உலக சாதனை. கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பவளத்திட்டின் விளிம்பில், ஓடும் நீரில் சிதறும் சிறு மீன்களை அது பாய்ந்து அடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும் என்பதால் அமாவாசையைப் பார்த்தே நாங்கள் தேதி குறித்திருந்தோம். புழு, மாவு எதுவும் தேவையில்லை. முகம் குழிந்த மரத்துண்டு போன்ற பாப்பர் என்னும் பொய்யிரையை எழுபது எண்பதடி தூரம் வீசி, கழியால் வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் அது 'பளக்' என்று தண்ணீரை வாரி இறைக்கும். இருநூறு கிராமை ஒட்டிய இரையை வெயிலில் மணிக்கணக்கில் வீசி இழுப்பது லேசான வேலை இல்லை. தோள்பட்டை இறங்கிப்போகிறது.

காலை முழுக்க ஒன்றுமில்லை. பத்து மணிக்கு மேல் நீரோட்டம் திரும்பியது. ஓசூர்க்காரர் வீசிய பாப்பருக்குப் பின்னால் கறுப்பாக ஒரு முதுகு எழுந்து, தொடாமலேயே விலகிப் போனது. படகோட்டி "தம்பி, அங்கேயே போடு, அங்கேயே போடு!" என்று கத்தினார். என் இரை விழுந்து மூன்றாவது வெட்டு முடிவதற்குள் தண்ணீர் வெடித்தது. மீன் அடித்தது என்று சொல்வதற்கு வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கழி வளைந்து படகின் விளிம்பை முட்டியது; ரீலின் பிரேக்கை இறுக்கி வைத்திருந்தும் நூல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. அந்த மீனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருக்கும், பவளப்பாறைக்குள் நுழைந்து நூலை அறுப்பது. ஆகவே ஏரி மீனுக்கு விடுவதுபோல ஓடவிட்டுக் களைக்க வைக்க இதில் வழியில்லை; முதல் அரை நிமிடத்தில் நிறுத்தாவிட்டால் மீன் போயிற்று. கூழ் ஆலைக்காரர் பின்னாலிருந்து என் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார், படகோட்டி எஞ்சினை முடுக்கிப் படகை ஆழத்துக்குத் திருப்பினார், கழியின் அடிப்பாகம் இடுப்புப் பட்டையின் குழியில் பதிய, இரண்டு சுற்றுச் சுற்றினால் அது ஒரு சுற்று இழுத்துக்கொண்டது. பத்து நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று சொன்னார்கள், என் முதுகு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

படகோரம் வந்த மீனைக் கண்டதும் ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினோம். மழுங்கிய நெற்றி, வெள்ளியும் கருமையும் கலந்த உடல், வாலுக்கு முன்னால் இரும்புப் பூண் போலக் கூரான செதில்கள், எங்களையே பார்க்கும் பெரிய கண். நீளம் 108 சென்டிமீட்டர். எடை 25 கிலோவுக்குக் குறையாது என்றார் படகோட்டி. தாடையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டு எடை பார்த்தால் உள்ளுறுப்பு கெடும் என்பதால் தராசில் போட அவர் சம்மதிக்கவில்லை. புறப்படும்போதே முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்ததால் முள் சுலபமாகக் கழன்றது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கி, ஒரே ஒரு படம் எடுத்து, தலை முன்னால் போகும்படி தண்ணீரில் விட்டோம். ஒரு வாலடியில் ஆழத்துக்குள் போய்விட்டது.

பாலக்கோட்டு நண்பருக்கு இதில் கோபம். "இவ்ளோ செலவு பண்ணி வந்து, பிடிச்ச மீனைத் திருப்பி விடறதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மீன் என்றால் குழம்பு என்று வளர்ந்த ஊரில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் அவ்வளவு பெரிய பாறை பல ஆண்டுகள் வாழ்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் குஞ்சு பெருக்குகிற மீன். காவிரியில் பெரிய மீனையெல்லாம் எடுத்துவிட்டு இன்று சரணாலயம் அமைத்துக் காக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம், அந்தத் தவறைப் பவளத்திட்டிலும் செய்ய வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. வெப்பக் கடல்களில் பவளப்பாறையை அண்டி வாழும் பெரிய வேட்டை மீன்களில் சிகுவாட்டெரா என்ற நோயை உண்டாக்கும் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகும் அந்த நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. சுவையிலோ வாடையிலோ தெரியவும் தெரியாது. இதைப் படகோட்டி விளக்கிய பிறகே நண்பர் சமாதானமானார்.

மறுநாள் ஆழத்தில் ஈயத்தகட்டைப் பொய்யிரையாக இறக்கிச் சூரையைத் தேடியதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீரோட்டம் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. மாட்டிய ஒரு நல்ல சூரையையும் பாதி வழியில் சுறா கடித்துக்கொள்ள, தலை மட்டும் மேலே வந்தது. ஆனால் திரும்பும் வழியில் படகுக்குப் பின்னால் இழுத்து வந்த இரையில் ஒரு வஞ்சிரம் விழுந்தது, ஆறு கிலோ இருக்கும். அதைச் சாப்பிட வைத்துக்கொண்டோம்.

அன்றைய இரவுச் சாப்பாட்டை நான் என்றும் மறக்கமாட்டேன். ஆசிரியர் ஊரிலிருந்தே கேழ்வரகு மாவும் தருமபுரிப் புளியும் வீட்டுக் குழம்புத்தூளும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விடுதிக்காரரிடம் கேட்டதும் சமையலறையைத் திறந்துவிட்டார். ஓர் அடுப்பில் கொதிநீரில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் கரண்டிக் காம்பால் குழி செய்து, அது பொங்கி வெந்த பிறகு கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் உருண்டை பிடித்தார். இன்னோர் அடுப்பில் சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்கிய புளிக்குழம்பில், தேங்காய் சேர்க்காமல், வஞ்சிரத்தின் தலையும் வாலும் கொதித்தன. நடுத்துண்டங்கள் தோசைக்கல்லில். களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி வாயில் போட்டபோது, முந்தைய இரவு கடற்கரை உணவகத்தில் ஆளுக்கு 900 ரூபாய் கொடுத்துத் தின்ற இறால் எங்கே, இது எங்கே என்று தோன்றியது. பிடித்து மூன்று மணி நேரம்கூட ஆகாத மீனுக்கு மசாலாவே அதிகம். அந்த உணவகத்துக்குப் போகாதீர்கள், பஜாரில் சிறு மெஸ்களிலேயே 150 ரூபாய்க்கு நல்ல மீன் சாப்பாடு கிடைக்கிறது.

கணக்குக்கு வருவோம். விமானம், படகு, அறை, சாப்பாடு, வேன் கொள்ளை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 40,000 ரூபாயை ஒட்டி வந்தது. கழி, ரீலை வாங்காமல் படகோட்டியிடமே வாடகைக்கு எடுத்தால் புதிதாகப் போகிறவர்களுக்குச் செலவு பெருமளவு குறையும். நல்ல கழியும் ரீலும் மட்டுமே ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பருவமழை தொடங்கும் மே மாதத்துக்குப் பிறகு போக நினைக்காதீர்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அடுத்த பிப்ரவரி அமாவாசைக்கு நாங்கள் இப்போதே படகுக்கு முன்பணம் அனுப்பிவிட்டோம். தாங்களும் வருவதாகச் சொல்லும் நண்பர்கள் பலர், அவர்களெல்லாம் தனிப் படகுதான் பேச வேண்டும். ஒரே படகில் ஐந்து பேருக்கு மேல் ஏறினால் கழியை வீச இடமிருக்காது.