பிளக் பாயிண்ட்ல இருந்து ஆரம்பிச்ச கேமிங் பிசி

2025 சித்திரைல ஒரு ராத்திரி, பட்டுனு ஒரு சத்தம், கூடவே கருகுன வாசனை. ஏழு வருஷம் ஓடுன என் பழைய செட் அதோட படுத்துடுச்சு. எஸ்எம்பிஎஸ் (கரண்ட்ட மாத்தி பிசிக்கு குடுக்கற பவர் சப்ளை பெட்டி) போறப்போ மதர்போர்டையும் சேத்து இழுத்துட்டு போயிடுச்சு. கேபினட் வாங்குனப்போ கூடவே வந்த எஸ்எம்பிஎஸ் அது, மேல 450 வாட்ஸ்னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எரிஞ்சதுக்கு அப்புறம்தான் அதே ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல இருந்த டேபிளை படிச்சேன், 12 வோல்ட் லைன்ல 16 ஆம்பியர்னு போட்டிருந்துச்சு. பெருக்கி பாருங்க, 192 வாட்ஸ்தான் வரும். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட் லைனை நம்பித்தான் ஓடுது, அப்போ மேல போட்ட 450க்கு என்ன அர்த்தம்?

புது பிசி போடலாம்னு அக்கா பையன்கிட்ட சொன்னதும் (ப்ளஸ் டூ முடிச்சுட்டு லீவுல செங்கல்பட்டுல எங்க வீட்லதான் இருந்தான்) அவன் கேட்ட மொத கேள்வி, "மாமா, கிராபிக்ஸ் கார்டு எது?" எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க. நான் சொன்னேன், இல்லடா, ரெண்டு முனையில இருந்து வருவோம், ஒண்ணு சுவத்துல இருக்குற பிளக் பாயிண்ட், இன்னொண்ணு நீ பாக்கப்போற மானிட்டர், இந்த ரெண்டும் முடிவானா நடுவுல வர்றது எல்லாம் தானா முடிவாயிடும்.

பிளக் பாயிண்ட்ட பத்தி கொஞ்சம் நிறையவே எழுதறேன், ஏன்னா வெளிநாட்டு யூடியூப் வீடியோல யாரும் இத பேசறதில்ல, அவங்களுக்கு அந்த பிரச்சனை இல்ல. பழைய செட்ல கேபினட்ட தொட்டா சுர்ர்னு இருக்கும், நான் அத ரொம்ப நாளா சாதாரணமா எடுத்துக்கிட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மல்டிமீட்டர் வச்சு பாத்தாரு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வோல்டேஜ் இருக்கு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல சரியா காட்டவே இல்ல. மூணாவது ஓட்டைக்கு பின்னாடி ஒயரே இல்ல. எர்த் இல்லன்னா எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கசியற கரண்ட் போக இடமில்லாம கேபினட்லயே நிக்கும், அதுதான் அந்த சுர்ர். வீட்டு பின்னாடி குழி வெட்டி கரி உப்பு எல்லாம் போட்டு புதுசா எர்த் அடிச்சோம், பிசி பட்ஜெட்ல மொத செலவு அதுதான், ஒரு பைசா கூட வீண்னு நான் நினைக்கல.

அப்புறம் வோல்டேஜ். கோடைல ராத்திரி பத்து மணிக்கு தெருவே ஏசி போட்டதும் எங்க லைன்ல 170 வரைக்கும் இறங்கும், நானே மீட்டர்ல பாத்தேன். கம்மி விலை எஸ்எம்பிஎஸ் சிலதுல இன்புட் 200-240 வோல்ட்னு மட்டும் போட்டிருக்கும், அது நம்ம ஊருக்கு சரிப்படாது, 100-240 போட்டதா பாத்து வாங்குங்க. நான் எடுத்தது 650 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரோன்ஸ் (Bronze, கரண்ட்ட அதிகம் வீணாக்காதுங்கற தரச் சான்று), அஞ்சு வருஷ வாரண்டி. என் செட் மொத்தமா இழுக்கறது 350 வாட்ஸ் கூட வராது, ஆனா பாதி லோடுல ஓடுனா சூடும் கம்மி ஃபேன் சத்தமும் கம்மி.

அடுத்து மானிட்டர். அவன் ஆடறது வேலரண்ட் (ஆன்லைன்ல சுடற கேம்), எனக்கு பெரிய ஓபன் வேர்ல்டு கேம் ஏதாவது எடுத்து மெதுவா சுத்தி பாக்கணும். 1080பி ரெசல்யூஷன்ல ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரைல வர்ற ஒரு படத்துக்கு, ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல் (புள்ளி), 1440பில 36.9 லட்சம், 4கேல 82.9 லட்சம். கார்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அத்தனை பிக்சலையும் வரையணும், அதனாலதான் மானிட்டர் தெரியாம கார்டு வாங்கறதுல அர்த்தமே இல்லங்கறேன். 27 இன்ச், 1440பி, 180 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 180 தடவை படம் மாறும்), ஐபிஎஸ் பேனல்னு முடிவு பண்ணோம்.

அது முடிவானதும் கார்டு லிஸ்ட் மூணு நாலா சுருங்கிடுச்சு. இங்க ஒரு பெரிய குழி இருக்கு. என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ரெண்டுமே 2025ல வந்தது, ரெண்டுலயும் கார்டுக்குள்ள இருக்குற மெமரி 8 ஜிபில ஒண்ணு, 16 ஜிபில ஒண்ணு, பேர் மட்டும் அதே பேர். கடைல ரேட் கேட்டா கம்மியா தெரியறது 8 ஜிபி. இப்போ வர்ற பெரிய கேம்ல டெக்ஸ்சர் (பொருள் மேல ஒட்டற படம்) ஃபுல்லா வச்சா 8 ஜிபி நிரம்பிடும், நிரம்புனதுக்கு மேல உள்ளது பிசியோட ராமுக்கு போய் பிசிஐஇ (கார்டு சொருகற ஸ்லாட்) வழியா வந்து வந்து போகும், அப்போ ஆவரேஜ் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) நல்லா காட்டும் ஆனா நடுவுல நடுவுல வெட்டி வெட்டி நிக்கும், அது பாக்க அவ்வளவு எரிச்சலா இருக்கும். 16 ஜிபி 9060 எக்ஸ்டி எடுத்தேன். ரே ட்ரேசிங் (வெளிச்சம் நிழல நிஜம் மாதிரி காட்டறது) நிறைய வேணும், பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல வேலை இருக்குன்னா என்விடியா பக்கம் போங்க, எனக்கு அது தேவைப்படல.

ப்ராசசர் ஏஎம்டி ரைசன் 5 7600, ஆறு கோர். அது போர்டுல உக்கார்ற ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 தாண்டியும் சப்போர்ட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, பழைய ஏஎம்4ல 2017ல வந்த பி350 போர்டுல கூட பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி 2022ல வந்த 5800எக்ஸ்3டி ப்ராசசர போட்டு ஓட்டுனாங்க, அதனால அந்த பேச்ச நான் நம்பறேன். 7500எஃப் இன்னும் கம்மியா கிடைச்சுது, வேண்டாம்னு விட்டேன், ஏன்னா அதுல உள்ளேயே கிராபிக்ஸ் இல்ல. கார்டு வாரண்டிக்கு போனா வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் 7600ல இருக்குற குட்டி கிராபிக்ஸ வச்சு மத்த வேலையாவது ஓடும். போர்டு பி650. ப்ராசசர் கூட வர்ற ஸ்டெல்த் கூலர் சிங்கப்பூர் ஏசி ரூமுக்கு போதும், கத்திரி வெயில்ல மாடி ரூமுக்கு போதாது, சாதாரண டவர் கூலர் ஒண்ணு சேத்துக்கிட்டேன். கேபினட் முன்னாடி கண்ணாடி இல்லாம காத்து போற மெஷ்ஷா இருக்கணும், இதுல பேச்சுக்கே இடமில்ல.

ராம் 16 ஜிபி ரெண்டு, டிடிஆர்5 6000, சிஎல்30 (6000 வேகம், சிஎல்30 தாமதம்). ஆடில வாங்குனேன். அதே கிட் 2025 டிசம்பர்ல ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு, ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய எல்லாம் அள்ளிட்டு போறாங்க, மெமரி கம்பெனி மைக்ரான், கடைல விக்கற அவங்க க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போறதா அறிவிச்சுட்டாங்க. இப்போ புதுசா போடறவங்களுக்கு என் மனசு நிஜமாவே கஷ்டப்படுது, அவங்களுக்கு நான் சொல்றது, இப்போதைக்கு 16 ஜிபியோட ஆரம்பிங்க, கார்டு பட்ஜெட்ட குறைக்காதீங்க.

ரெண்டு பேரும் காலைல லோக்கல் ட்ரெய்ன் பிடிச்சு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) போனோம். ஒரு கடைல பில் இல்லாம எடுத்தா 18 பர்சென்ட் மிச்சம்னு சொன்னாங்க, நான் ஒத்துக்கல. சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாம கார்டு வாங்கவே வாங்காதீங்க, நாளைக்கு சர்வீஸ் சென்டர்ல நிக்கறப்போ உங்க கைல இருக்குற ஒரே ஆயுதம் அந்த பேப்பர்தான்.

அசம்பிள் முழுக்க அவனையே பண்ண சொன்னேன், நான் பக்கத்துல உக்காந்து டார்ச் அடிச்சேன். ராம ரெண்டாவது நாலாவது ஸ்லாட்ல போட்டோம். பவர் ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அவன் மூஞ்சி வாடிடுச்சு, "மாமா ஏதோ தப்பு பண்ணிட்டேன்" னு ஸ்விட்ச்ச அமுக்க போனான், நான் கைய பிடிச்சுக்கிட்டேன். டிடிஆர்5ல மொத தடவை போர்டு ராம் கூட பேசி பழக சில நிமிஷம் எடுக்கும், அப்போ ஆஃப் பண்ணக்கூடாது. நாலாவது நிமிஷம் பயாஸ் வந்துச்சு. எக்ஸ்போவ (ராம அதோட முழு வேகத்துல ஓட வைக்கற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணோம், இல்லன்னா 6000 ராம் 4800லயே ஓடிட்டு இருக்கும்.

விண்டோஸ் ஏத்தி கேம் போட்டா 20 எஃப்பிஎஸ் கூட வரல. பத்து நிமிஷம் டிரைவர மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டு, அவன்தான் பின்னாடி எட்டி பாத்து சொன்னான், "மாமா, கேபிள் மதர்போர்டுல இருக்கு." 7600ல கிராபிக்ஸ் இருக்கறதால படம் வந்துடுது, தப்புன்னே தெரியாது. கார்டுல இருக்குற டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாத்துனான், செட்டிங்ஸ்ல போய் 60ல இருந்த ரிஃப்ரெஷ் ரேட்ட 180 ஆக்குனான், அப்புறம் கேம் எதுவும் ஓபன் பண்ணாம மவுஸ மட்டும் வட்டமா சுத்திக்கிட்டே ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தான்.