சைக்கிள் ரிம்மில் ஒரு ராட்டை: ஆறாம் வாரம்

கொடைக்கானல் போய்வந்த நண்பன் அரைக் கிலோ ஆட்டு ரோமம் கொண்டுவந்து கொடுத்ததில் ஆரம்பித்தது இது. 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு ராட்டை போய்ச் சேர்ந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது போதும், நூற்றுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் இரண்டு வாரம் கதிர் மட்டும்தான். ராட்டைக்கு முன்னால் அங்கே நூல் என்றாலே கையால் சுழற்றிவிடும் கதிரில் நூற்றதுதான்; கப்பல் பாய்க்கும் அதே நூல்தான். ஓரடி மூங்கில் குச்சி, அடியில் ஒரு மர வட்டு. பள்ளிக்கூடத் தக்ளிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமத்தைச் சிக்கெடுக்க, நாய்க்குச் சீவும் பிரஷ் இரண்டு வாங்கினேன். முதல் நாள் கதிர் தரையில் விழுந்ததை எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு விட்டுவிட்டேன். இரண்டாம் வாரக் கடைசியில் மணிக்கு 30 மீட்டர் வந்தது.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம், சென்டிமீட்டருக்கு 8 இழை. பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) சேர்த்து 1,120 மீட்டர் நூல் வேண்டும். என் வேகத்தில் 37 மணி நேரம்! கைப்பழக்கம் உள்ளவர்கள் இதைவிட வேகமாக நூற்றிருப்பார்கள், சரி. ஆனாலும் நெசவை வேகமாக்கிய கால்மிதித் தறி 11ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே அங்கே பரவத் தொடங்கிவிட்டது. ஒரு நெசவாளிக்கு ஈடுகொடுக்கப் பல பெண்கள் உட்கார்ந்து நூற்க வேண்டியிருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

மூன்றாம் வாரம் ராட்டை. என் பழைய சைக்கிளின் பின்சக்கர ரிம், பலகைச் சட்டம், மாலைக் கயிறு (முறுக்கிய பருத்திக் கயிறு), கதிருக்குப் பழைய குடைக்கம்பி. ரிம் சுமார் 60 செ.மீ., கதிரில் மாட்டிய உருளை ஒன்றரை செ.மீ. ஆக, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் 40 சுற்று. "டேய், சைக்கிள் எங்கடா?" என்று அம்மா கேட்டதற்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்துப் பெரிய ராட்டையில் நின்றுகொண்டுதான் நூற்பார்கள். வலது கை சக்கரத்தைத் தள்ளும். இடது கை ரோமத்தைப் பிடித்தபடி பின்னால் போகும், கூடவே நாமும். நூல் கதிரின் நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நழுவி நழுவி முறுக்கேறும். போதுமான முறுக்கு வந்ததும் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பி, நூலைக் கதிருக்குக் குறுக்கே கொண்டுவந்து சுற்ற வேண்டும். நடப்பது, நிற்பது, திரும்பி வருவது. என் அறை பத்தடி. எட்டாவது அடியில் பீரோ. நான்காம் வாரம் மணிக்கு 85 மீட்டர்.

துள்ளிக் குதித்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. ஜெர்மனியின் ஸ்பையர் நகரத்தில் 1298இல் ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: ராட்டை நூலை ஊடைக்குப் போடலாம், பாவுக்குக் கூடாது. புது எந்திரத்தைக் கண்டு பயந்த பழைய ஆட்களின் முரண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் வாரம் இரண்டு நூலிலும் காலி பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கதிர் நூல் 700 மில்லி வரை தாங்கியது. ராட்டை நூல் 250க்கே போய்விட்டது. மூன்று முறை செய்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. காரணமும் கையிலேயே இருந்தது. தொங்கும் கதிர் தன் எடையால் ஒவ்வொரு அங்குலத்தையும் சோதித்துக்கொண்டே இருக்கிறது. இளைத்த இடம் வந்தால் அங்கேயே அறுந்து கீழே விழும். ராட்டையில் அந்தச் சோதனை கிடையாது. வேகத்தில் முறுக்குக் குறைந்த இடமும் சத்தமில்லாமல் கதிரில் ஏறிவிடுகிறது. பாவு நூலோ தறியில் விறைப்பாக நிற்கும், அச்சும் விழுதும் (பாவிழைகள் நுழைந்து வரும் சீப்பும் கண்ணிகளும்) அதை உரசிக்கொண்டே இருக்கும். ஸ்பையர்காரர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

1325-1340 வாக்கில் இங்கிலாந்தில் வரைந்த லட்ரல் சங்கீதப் புத்தகத்தின் (பைபிளின் சங்கீதங்களை எழுதிய கையெழுத்துப் பிரதி) ஓரப் படங்களில் ராட்டை முறை, கதிர் முறை இரண்டுமே இருக்கின்றன. ஒரு பெண் பெரிய ராட்டையின் முன் நிற்கிறாள். வேறொரு பக்கத்தில் இன்னொருத்தி, கதிரில் நூற்பவர்கள் ரோமத்தைச் சுற்றி வைக்கும் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோழிக்குத் தீனி போடுகிறாள். முன்பெல்லாம் முதல் படம்தான் எனக்குப் பிடிக்கும். இப்போது இரண்டாவதைத்தான் அதிக நேரம் பார்க்கிறேன். கதிரோடு மொட்டை மாடிக்குப் போகலாம், பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நூற்கலாம். ராட்டை என்னை அறைக்குள்ளேயே கட்டிப்போட்டுவிட்டது.

இந்த வாரம் சின்னச் சட்டத்தில் நெசவு. ஸ்பையர் விதிப்படியே பாவு கதிர் நூல், ஊடை ராட்டை நூல். ஒன்பது சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. பாவில் மட்டும் வேண்டுமென்றே நாலு ராட்டை இழைகளைக் கலந்துவிட்டிருந்தேன். நேற்று ராத்திரி மூன்றாவதும் அறுந்தது.